கடிதத்தின் வாலை நறுக்குங்கள்

கறிகாய் வாங்கி வந்தால் கூடையோடு சாம்பாரில் கொட்டுகிறோமா? காம்பைக் கிள்ளி, சொத்தையை ஒதுக்கி, அன்றைய சமையலுக்கு வேண்டியதை மட்டும் நறுக்கித்தானே அடுப்பில் வைக்கிறோம்! ஆனால் மெயிலுக்குப் பதில் எழுதும்போது மட்டும் அநேகர் கூடையோடு கொட்டிவிடுகிறார்கள்.

"சரி, வருகிறேன்" என்று இரண்டே வார்த்தை பதில். அதற்குக் கீழே எதிராளி எழுதிய கடிதம் முழுவதும். அதற்குக் கீழே, அவருக்கு முன்னால் நாம் எழுதியது. அதற்கும் கீழே, அதற்கு முந்தி அவர் எழுதியது. இரண்டு வார்த்தைக்கு இரண்டு முழம் வால்! மெயில் வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு பெட்டியைக் கோத்துக்கொண்டு, பழைய பெட்டி ஒன்றையும் கழற்றாமலே ஓடினால் எப்படியோ அப்படி.

"இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கத் தோன்றும். நஷ்டம் உண்டு. கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெண்ணுக்கு வரன் அமைந்தது. பெண் வீட்டார் திருச்சியில். பிள்ளை வீட்டார் பெங்களூரில். ஜாதகம் பொருந்தி, பெண்ணும் பிள்ளையும் பேசிப் பழகி, இருவருக்கும் பிடித்தும் போய்விட்டது. பிள்ளையின் தாயார் மெயில் எழுதினார்: "ஆவணியில் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாமா? என் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரை விட்டுவிட்டு வர முடியாது. பெங்களூரிலேயே நடத்தினால் சௌகரியம்."

பெண்ணின் தாயார் அதைத் தம் தங்கைக்கு அனுப்பி யோசனை கேட்டார். தங்கை மும்பையில் இருப்பவர். மனசில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறவர். "அக்கா, தேதியெல்லாம் சரிதான். ஆனால் படுத்த படுக்கையாக ஒரு கிழவி இருக்கிற வீடாமே! நம் குழந்தை கல்யாணம் பண்ணிக்கொண்டு போகிறாளா, ஆஸ்பத்திரி ஆயா வேலைக்குப் போகிறாளா? நன்றாக யோசி" என்று பதில் வந்தது.

அக்கா யோசித்தார், சம்மதம் என்றே முடிவு செய்தார். கணினியில் தங்கையின் கடிதம் திறந்தபடி இருந்தது. அதிலேயே பதில் பொத்தானை அழுத்தி, தங்கையின் விலாசத்தை அழித்துவிட்டுச் சம்பந்தியின் விலாசத்தைப் போட்டு, "ஆவணியிலேயே வைத்துக்கொள்ளலாம். நாங்கள் பெங்களூருக்கு வருகிறோம். எங்கள் எல்லோருக்கும் பரம சந்தோஷம்" என்று எழுதி அனுப்பிவிட்டார். தங்கை எழுதியதும் வாலில் ஒட்டிக்கொண்டு பெங்களூர் போய்ச் சேர்ந்தது. அனுப்பியவர் கண்ணுக்கு அது படவில்லை. மூன்று சின்னப் புள்ளிகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது.

மறுநாள் பதில் வந்தது. பிள்ளையின் தாயார் கோபிக்கவில்லை. டெலிபோனில் கூப்பிட்டுச் சண்டை போடவில்லை. அந்த ஆயா வேலை வாக்கியம் ஒன்றை மட்டும் எடுத்து மேலே வைத்து, மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு, கீழே இப்படி எழுதியிருந்தார்: "என் மாமியாரை இத்தனை வருஷமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். இனிமேலும் நான்தான் பார்த்துக்கொள்வேன். குழந்தை கவலைப்பட வேண்டாம்."

கல்யாணம் நடந்தது. ஆனால் மும்பைச் சித்தி சம்பந்தியம்மாளின் எதிரில் வரவே கூசி, பந்தி விசாரிக்கிற சாக்கில் சமையற்கட்டுப் பக்கமே நின்றுவிட்டாராம். அக்கா தங்கைக்குள் பேச்சும் முன்போல் இல்லை. "உனக்கென்று எழுதியதை அவர்களிடம் ஏன் காட்டினாய்?" என்பது தங்கையின் கட்சி. "நான் எங்கே காட்டினேன்? தானாகப் போய்விட்டது!" என்பது அக்காவின் கட்சி.

தானாகப் போகவில்லை. நறுக்காததால் போயிற்று. ஒருவர் நம்மை நம்பி எழுதிய வார்த்தை நம்மிடம் கொடுத்து வைத்த நகை மாதிரி. அதை மூன்றாவது வீட்டுக்கு அனுப்ப நமக்குப் பாத்தியதை இல்லை. வாலை நறுக்குவது வெறும் அழகுக்காக என்று நினைக்காதீர்கள்.

வால் முளைத்த கதை

காகிதத்தில் கடிதம் எழுதிய நாளில் இந்தத் தொல்லை கிடையாது. அக்காவின் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, அவள் எழுதிய கடிதத்தையே குண்டூசி குத்தித் திருப்பி அனுப்பினோமா? "நீ எழுதியிருந்த வளைகாப்பு விஷயம் தெரிந்துகொண்டேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். எதைப் பற்றிய பதில் என்று அவளுக்குப் புரிந்துவிடும். இன்லண்ட் லெட்டரில் இடம் கொஞ்சம். தந்தியிலோ வார்த்தைக்கு வார்த்தை காசு. 2013 ஜூலையில் தந்தி சேவை நம் நாட்டில் நின்று போகும் வரையில் அந்தச் சிக்கனம் இருந்தது. மெயிலில் இடத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆகவே சிக்கனமும் இல்லை.

ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலைப்பின்னல் வழியாக முதன்முதலில் கடிதம் அனுப்பியவர் ரே டாம்லின்ஸன் என்ற அமெரிக்க எஞ்சினீயர். வருஷம் 1971. விலாசத்தின் நடுவே நாம் போடும் @ என்ற சுழியும் அவர் தேர்ந்தெடுத்ததுதான். பின்னால் மெயில் பழக்கம் பரவியபோது, பழைய கடிதத்திலிருந்து எடுத்த வரி எது, புதிதாக எழுதிய வரி எது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக எடுத்த வரி ஒவ்வொன்றின் முன்னாலும் > என்ற குறியைப் போட்டு, அதற்குக் கீழே பதிலை எழுதினார்கள்.

இதற்கெல்லாம் மரியாதை முறைகள்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். 1995 அக்டோபரில், இன்டெல் கம்பெனியைச் சேர்ந்த ஸாலி ஹாம்பிரிட்ஜ் என்ற பெண்மணி இந்த நியதிகளைத் தொகுத்து வெளியிட்டார். பதில் எழுதும்போது பழைய கடிதத்தின் சாரத்தை மேலே சுருக்கிச் சொல்லுங்கள். அல்லது விஷயம் விளங்கும் அளவுக்கு மட்டும் அதிலிருந்து எடுத்து வையுங்கள் என்பது அதில் ஒன்று. கடிதத்தின் அடியில் போடும் பெயர், பதவி, விலாசமெல்லாம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம் என்பது இன்னொன்று. அதே 1995-ல், ஆகஸ்டு 15-ந் தேதிதான் நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். மூலம் பொதுஜனங்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது. ஆக, நம் வீடுகளில் மெயில் நுழைந்த நாளும் இந்த நியதி பிறந்த நாளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிற்பாடு ஆபீஸ்களுக்கென்று வந்த மெயில் புரோகிராம்கள் வழக்கத்தை மாற்றின. பதில் பொத்தானை அழுத்தினால் எழுதுகிற இடம் உச்சியில். பழைய கடிதம் முழுவதும் அடியில். யாரும் கீழே இறங்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. 2004 ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கிய ஜிமெயில், வால் கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்று அதை மூன்று புள்ளிக்குள் சுருட்டி வைக்கிறது. படிக்கிறவருக்கு இது உபகாரம்தான். ஆனால் சுருட்டி வைத்தது எங்கும் போய்விடவில்லை. பெறுகிறவர் புள்ளியைத் தட்டினால் அத்தனையும் விரியும். சில புரோகிராம்களில் தட்டவே வேண்டாம். எல்லாம் விரிந்தபடியே காட்சி கொடுக்கும்.

குறிகளுக்கு அர்த்தம் என்ன?

சில கடிதங்களில் இப்படி வருவதைப் பார்த்திருப்பீர்கள்:

>>> பாட்டியின் சதாபிஷேகத்துக்கு எல்லோரும்
>>> முதல் நாளே
>> வந்துவிட
>> வேண்டும்.
> அவசியம் வருகிறோம்.

ஏதோ எறும்பு ஊர்ந்த கோலம் போல இருக்கிறதே என்று மிரள வேண்டாம். ஒரு குறி இருந்தால், இப்போது நீங்கள் யாருக்குப் பதில் எழுதுகிறீர்களோ அவர் எழுதியது. இரண்டு குறி இருந்தால் அதற்கு முந்திய கடிதம். மூன்று இருந்தால் அதற்கும் முந்தியது. அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று தலைமுறை எண்ணுவது மாதிரிதான். சில புரோகிராம்கள் குறிக்குப் பதிலாக இடது பக்கம் ஒரு கோடு கிழித்துக் காட்டும். இரண்டு கோடு என்றால் இரண்டு தலைமுறை.

வரி ஏன் இப்படி உடைந்து நொறுங்குகிறது? சில புரோகிராம்கள் ஒரு வரி எழுபது எழுபத்தைந்து எழுத்துக்கு மேல் போகாமல் மடித்து அனுப்பும். பதில் எழுதும்போது ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஒரு குறி, ஓர் இடைவெளி என்று சேர்வதால் வரி சற்று நீண்டுவிடுகிறது. மறுபடி மடிக்கும்போது, நீண்ட துண்டு தனி வரியாகக் கீழே விழுகிறது. ஓர் அளவில் மடித்த புடவையைப் பிரிக்காமலே வேறு அளவில் மடித்தால் முனை நீட்டிக்கொண்டு நிற்கும் அல்லவா, அதே கதைதான். நான்கு பேர் கை மாறினால் கடிதம் கந்தல்.

இன்னொன்றும் உண்டு. பார்வை இல்லாதவர்களுக்குக் கணினியே கடிதத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும். வால் நீளமாக இருந்தால் பழைய கடிதங்களையும் அது மூச்சு விடாமல் படித்துக்கொண்டே போகும். சில சமயம் இந்தக் குறிகளின் பெயரையும் சேர்த்துப் படிக்கும். கேட்பவர் பாடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நறுக்கும் முறை

முதலில் வாலை விரித்துப் பாருங்கள். ஜிமெயிலில் பதில் எழுதும் பெட்டியின் அடியில் மூன்று புள்ளி இருக்கும். அதை அழுத்தினால் பழைய கடிதம் முழுவதும் வெளியே வரும். வந்ததும் எதற்குப் பதில் சொல்லப் போகிறீர்களோ அந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள். ஒரு வரிகூட வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் அழிக்கலாம். நீங்கள் அழிப்பது இந்தப் பதிலில் உள்ள நகலைத்தான்; அவர் எழுதிய மூலக் கடிதம் உங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கும். ஆகவே பயப்பட வேண்டாம். கைப்பேசியிலும் அந்தப் புள்ளியைத் தட்டிப் பார்க்கலாம். ஆனால் நீளமான வாலைக் கணினியில் நறுக்குவதே சுலபம்.

ஆப்பிள் மெயிலிலும் தண்டர்பேர்டிலும் இன்னும் ஒரு வசதி இருக்கிறது. வந்த கடிதத்தில் வேண்டிய வரியை மட்டும் முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பதில் பொத்தானை அழுத்தினால், அந்த வரி மட்டுமே பதிலில் வந்து நிற்கும். கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய அவுட்லுக்கில், பதிலோடு மூலக் கடிதத்தைச் சேர்க்கவே வேண்டாம் என்று அமைப்பிலேயே சொல்லி வைக்கலாம்.

நறுக்கிய பிறகுதான் திருத்த வேண்டும். குப்பைக்குப் போகிற கீரையை யாராவது ஆய்வார்களா? மிஞ்சிய இரண்டு மூன்று வரிகளில் தனியாக விழுந்து கிடக்கும் வார்த்தைகளை மேல் வரியோடு சேருங்கள். நடுவில் அகப்பட்டுக்கொண்ட உபரிக் குறிகளை அழியுங்கள். தண்டர்பேர்டில் வெறும் எழுத்தாக எழுதும்போது கண்ட்ரோல் பொத்தானோடு 'ஆர்' எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் வரிகளை அதுவே ஒழுங்காக மடித்துக் கொடுக்கும்.

வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டிய வரி பெரிய எழுத்தும் சிவப்பு மையுமாக வந்து நின்றால், ஜிமெயிலில் அதைத் தேர்ந்தெடுத்து, ஆங்கில 'டி' எழுத்தைக் குறுக்கே அடித்தது போன்ற பொத்தானை அழுத்துங்கள். அலங்காரமெல்லாம் உதிர்ந்து சாதாரண எழுத்தாகிவிடும். விஷயத் தலைப்பில் 'ரீ' 'ரீ' என்று மூன்று நான்கு சேர்ந்திருந்தால் ஒன்றை விட்டு மற்றதை எடுத்துவிடலாம். அது 'இந்த விஷயமாக' என்ற பொருளில் லத்தீனிலிருந்து வந்தது. ஒரு தடவை சொன்னால் போதும்.

இனி பதில் எப்படி இருக்கும்? பாருங்கள்:

> தீபாவளிக்கு எத்தனை பேர் வருகிறீர்கள்?
நாலு பேர். அத்திம்பேருக்கு லீவு கிடைக்கவில்லை.

> எந்த ரயில்?
வியாழக்கிழமை காலை வைகை.

> பட்சணம் ஏதாவது செய்து வைக்கட்டுமா?
வேண்டாம். முறுக்கு நான் கொண்டு வருகிறேன். நீ லேகியம் மட்டும் கிளறி வை.

கேள்வியும் பதிலும் ஜோடி ஜோடியாக நிற்கின்றன. எது எதற்குப் பதில் என்று மன்னியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஒரு கேள்விக்குப் பதில் விட்டுப் போயிருந்தாலும் உடனே கண்ணில் படும்.

கத்தரிக்கும் ஒரு தர்மம் உண்டு

நறுக்கலாம், மாற்றக் கூடாது. "வர முடியாது என்று நினைக்கிறேன், ஆனாலும் முயற்சி செய்கிறேன்" என்று நாத்தனார் எழுதியிருந்தால், "வர முடியாது" என்பதை மட்டும் கத்தரித்து வைத்து, "இப்படி எழுதிவிட்டாயே!" என்று கேட்பது நியாயமில்லை. நடுவில் எதையாவது விட்டால் அந்த இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள். இன்னார் எழுதியது என்ற வரியையும் ஒரு தடவை விட்டுவையுங்கள். ஒருவர் பேச்சு இன்னொருவர் தலையில் விழக் கூடாது.

வாலை விட்டுவைக்க வேண்டிய இடமும் இருக்கிறது. பாங்கிக்கோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ புகார் எழுதினால், அங்கே இன்று பதில் போடுகிறவர் ஒருவர், நாளை போடுகிறவர் வேறொருவர். முன்கதை முழுவதும் தேதியோடு கீழே இருந்தால்தான் புதியவருக்கு விளங்கும். தலைப்பில் உள்ள புகார் எண்ணையும் தொடாதீர்கள். ஆனால் அந்தச் சங்கிலியின் நடுவில், "இவர்கள் என்னதான் சொல்கிறார்கள், நீங்களே பாருங்கள்" என்று உங்கள் வீட்டுக்காரருக்கு அனுப்பியதும் அவர் கோபமாக எழுதியதும் நுழைந்திருந்தால், அந்தத் துண்டு கட்டாயம் போக வேண்டும். பாங்கிக்காரர் அனுப்பிய கடிதத்துக்கே நேராகப் பதில் எழுதினால் அந்தத் துண்டு நுழையவே நுழையாது. திருச்சி அம்மாளும் சம்பந்தியின் கடிதத்தைத் திறந்து பதில் எழுதியிருந்தால் தங்கையின் வார்த்தை தங்கையோடு நின்றிருக்கும்.

குடியிருப்புச் சங்கம், பள்ளிக்கூடத்துத் தாய்மார் குழு என்று பத்துப் பேருக்குப் போகும் கடிதங்களில் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். வாலில் பேச்சு மட்டுமா இருக்கிறது? யார் யாருடைய விலாசமோ, டெலிபோன் நம்பரோ இருக்கும். அதை ஊரெல்லாம் அனுப்புவது அவர்களுக்குச் சம்மதமாக இராது.

"இதற்கெல்லாம் நேரம் ஏது? சமையலா, குழந்தையா, ஆபீஸா, மெயிலா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாம் ஞாபகம் இல்லாவிட்டாலும் ஒன்றை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அனுப்பும் பொத்தானைத் தொடுவதற்கு முன் கடிதத்தின் அடி வரைக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அரை நிமிஷ வேலை. ஜிமெயிலில் அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பிடிக்க அமைப்பில் அதிகபட்சம் 30 விநாடி வரை அவகாசம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனது போனதுதான்.

பூத் தொடுத்து முடித்ததும் நீட்டிக்கொண்டிருக்கிற நாரைக் கத்தரித்துவிட்டுத்தானே குழந்தையின் தலையில் வைக்கிறோம்? அந்தக் கையாலேயே கடிதத்தின் வாலையும் ஒரு கத்தரி கத்தரித்துவிடுங்கள்.